ஏலாவுக்குப் போன வண்டி

போன மாதம் திக்கணங்கோடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேள்வி அனுப்பியிருந்தார். "என்னிடம் இருக்கும் பவர் ஸ்பிரேயருக்கு மூன்று வயது. இப்போது பத்துத் தடவை கயிறு இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டார்ட் ஆனாலும் ஒரே புகை. பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும்?" ஆசிரியர் குழுவினர் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி, நாலு வரியில் பதில் எழுதித் தரச் சொன்னார்கள்.

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, ஸ்பிரேயரின் புகை வாசனைக்குப் பதிலாக வேறொரு வண்டியின் புகை வாசனை மூக்கில் ஏறியது. அது 1994-ல் நான் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ் 100. கேள்விக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். உங்களில் பலர் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி நின்றிருக்கும்.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படிப்பை முடித்து வேலைக்கு வந்த புதிதில், எனக்கு ஒதுக்கிய கிராமங்களைச் சுற்றி வர சைக்கிளும் பஸ்ஸும்தான். குளச்சலிலிருந்து மண்டைக்காடு, திங்கள்சந்தை, இரணியல் என்று ஒரு சுற்றுப் போய் வந்தால் பொழுது சாய்ந்துவிடும். அலுவலகத்தில் இரு சக்கர வாகன முன்பணம் கிடைத்தது. மீதித் தொகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா விளையிலிருந்த தென்னைகளை இரண்டு வருடப் பாட்டத்துக்கு விட்டுவிட்டு வந்து, பணத்தை என் கையில் வைத்தார். "ஏலாவுக்கும் ஒரு வண்டி வேணும் மக்களே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல் விளக்கம். குமரி மாவட்டத்தில் நெல் வயல்கள் தொடர்ச்சியாகக் கிடக்கும் பரப்பை ஏலா என்போம். மேட்டில் தென்னையும் மரச்சீனியும் நிற்கும் நிலம் விளை. எங்களுக்கு ஏலாவில் எண்பது சென்ட் இருந்தது. பட்டணங்கால் தண்ணீர் வந்து சேரும் கடைமடை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல். தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாததால் தினமும் காலையில் ஒருவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அதில் கடைசி ஒரு கிலோமீட்டர் கால்வாய்க் கரையும் வரப்பும்தான்.

அந்தக் காலத்து வண்டிகள்

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் மூன்றுதான். சென்னை திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரில் செய்த ஜாவாவும் அதன் பிறகு வந்த யெஸ்டியும், எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத். யெஸ்டியில் ஒரே கம்பிதான் கிக்கராகவும் இருக்கும், கியராகவும் இருக்கும். மிதித்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதை முன்னால் மடக்கினால் கியர். முதல் தடவை பார்த்தபோது எங்களுக்கு அது மந்திர வித்தை.

1980-ல் டி.வி.எஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். பால்காரர், இலைக்கட்டுக்காரர், வாழைக்குலை வியாபாரி எல்லோரும் அதில் ஏறினார்கள். அதன் பிறகு ஜப்பான் கம்பெனிகளோடு கைகோத்து 100 சி.சி வண்டிகள் வரிசையாக வந்தன. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசூகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி 100, அதே வருடம் யமஹா ஆர்.எக்ஸ் 100.

மீன்காரர்களின் வண்டி பஜாஜ் எம்-80. கையிலேயே கியர் மாற்றலாம். பின்னால் ஐஸ் பெட்டி, பக்கவாட்டில் கூடை, ஹேண்டிலில் தராசு. குளச்சல் துறையில் விடியற்காலையில் மீன் ஏலம் முடிந்ததும் இந்த வண்டிகள் உள்நாட்டுப் பக்கம் புறப்படும். பக்கத்துக் கேரளத்தில் லைசென்ஸ் எடுக்க எட்டுப் போடுவதற்கும் இந்த எம்-80 தான். உற்பத்தி நின்று பல வருடங்கள் கழித்து, 2024-ல்தான் அதை அந்தத் தேர்விலிருந்து எடுத்தார்கள்.

விவசாயிக்கென்றே வந்ததுபோல இன்னொரு வண்டி இருந்தது. டீசலில் ஓடும் என்ஃபீல்டு டாரஸ். 325 சி.சி, ஆறரைக் குதிரைத்திறன். வேகம் கிடையாது, அதிர்வு உண்டு. ஆனால் லிட்டருக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று வைத்திருந்தவர்கள் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, பம்புசெட்டுக்கு வாங்கும் டீசலிலேயே வண்டிக்கும் ஊற்றிக்கொள்வார். "எனக்க வீட்டுல ஒரே எண்ணெய்தான் சாறே, எஞ்சினுதான் ரெண்டு" என்பார்.

இவற்றிலெல்லாம் என் மனதைப் பிடித்தது ஆர்.எக்ஸ் 100. அது 98 சி.சி, 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவை ஒட்டித்தான். எடை குறைவு என்பதுதான் எனக்கு முக்கியம். வரப்பில் சறுக்கினால் காலை ஊன்றி நிறுத்தலாம். மடைக்குக் குறுக்கே இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம்.

காலை ஆறு மணி

வண்டி வந்த மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலை ஆறு மணிக்கு அப்பா மம்பட்டியோடு வாசலில் நிற்பார். "வண்டிய எடு மக்களே, தண்ணி எப்பிடி கெடக்குன்னு பாத்துட்டு வருவோம்." ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிடத்தில் ஏலா. அப்பா மடையைப் பார்ப்பார். நான் தூரில் தத்துப்பூச்சி இருக்கிறதா, இலை சுருண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். "நீ படிச்சதச் சொல்லு, நான் பாத்ததச் சொல்லுதேன்" என்பார். பாதி நாள் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். இலை வண்ண அட்டை வைத்து நான் யூரியா அளவு சொன்னால், அவர் கண்ணாலேயே அதைச் சொல்லிவிடுவார். ஏழரைக்கு வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு நான் அலுவலகம் போவேன்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் கற்றது கல்லூரியில் நாலு வருடம் கற்றதற்குக் குறைவில்லை.

அந்த வண்டியில் எதையெல்லாம் ஏற்றியிருக்கிறோம்! டேங்கின் மேல் ஒரு மூட்டை யூரியா, பின்னால் அப்பா, அவர் மடியில் நாற்றுக்கட்டு. ஏத்தன் குலை இரண்டு பக்கமும் தொங்கும். இன்று ஒரு விவசாயி அப்படி வந்தால் நிறுத்தித் திட்டுவேன். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். மழை நனைந்தால் பிரேக் பிடிப்பது கடவுள் செயல். அந்த வேகத்தை நம்பி விழுந்த பையன்களை எனக்குத் தெரியும். ஹெல்மெட் யார் போட்டோம்? பழைய வண்டியைப் பற்றிப் பேசும்போது இவற்றை மறைத்துப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

திங்கள்சந்தையில் எங்களுக்கு ஒரு மெக்கானிக் அண்ணன் உண்டு. பிளக்கைக் கழற்றி, கரியை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை ரம்பத் தகட்டை நுழைத்துப் பார்த்துச் சரி செய்வதை அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதி மாட்டவும் கற்றுத் தந்தார். வண்டி வழியில் நின்றால் சீட்டுக்கு அடியிலிருக்கும் பிளக் ஸ்பேனரை எடுத்து நாமே பார்த்துவிடலாம். "இதுக்குள்ள ஒண்ணும் ரகசியம் இல்ல சாறே. பெட்ரோல் வருதா, காத்து வருதா, தீப்பொறி வருதா. மூணும் வந்தா ஓடும்" என்பார்.

நின்றுபோனது ஏன்?

ஆர்.எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றது. அதே வருடம்தான் மைசூர் யெஸ்டி ஆலையும் மூடப்பட்டது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு தடவை எரிதல் நடக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். அதனால்தான் சின்ன எஞ்சினில் அவ்வளவு வேகம். ஆனால் உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். கூடவே ஆயிலும் எரியும். 1996-லும் 2000-லும் புகை விதிகள் கடுமையானபோது இந்த வண்டிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. டாரஸும் அப்படித்தான் மறைந்தது.

விதிகள் தவறு என்று சொல்ல மாட்டேன். நாம் விட்ட புகையை நம் பிள்ளைகள்தான் குடித்தார்கள்.

ஆனால் ஒரு ஒப்பீடு அடிக்கடி மனதில் வரும். ஆர்.எக்ஸ் 100 வந்தது 1985. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் அம்பை 16 ரகத்தை வெளியிட்டது 1986. கிட்டத்தட்ட ஒரே வயது. வண்டி நின்று முப்பது வருடம் ஆகப்போகிறது. அம்பை 16-ஐ எங்கள் மாவட்டத்தில் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். காரணம் எளிது. விதையை விவசாயி தன் வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். களத்தில் கலப்பில்லாத கதிரைப் பொறுக்கிக் காயவைத்தால் அடுத்த பூவுக்கு விதை ரெடி. வண்டிக்கு அப்படி முடியாது. கம்பெனி பாகம் அனுப்புவதை நிறுத்தினால், எவ்வளவு பிரியமாக வைத்திருந்தாலும் ஒருநாள் நிற்கும். எதை வாங்கும்போதும், பம்புசெட் ஆனாலும் பவர் டில்லர் ஆனாலும், அதன் பாகம் பத்து வருடம் கழித்துப் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உப்பு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கும்பப்பூ கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அப்பாவும் நானும் கொஞ்சம் தாமதமாக ஏலாவில் நின்றோம். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். அப்பாவை மேட்டில் இறக்கிவிட்டு, வண்டியைக் குளச்சலுக்கு விட்டேன். ஓடிவந்தவர்களின் வழியை ஏ.வி.எம் கால்வாய் மறித்திருந்தது. அன்று அந்த வண்டியில் யார் யாரை ஏற்றினேன் என்று எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை.

அதன் பிறகு பல வாரங்கள் அதே வண்டியில்தான் கடலோர நிலங்களைச் சுற்றினேன். மண் மாதிரி எடுத்து உப்பின் அளவு பார்ப்பது, வரப்பைக் கட்டி நல்ல தண்ணீரை நிறுத்தி வடிக்கச் சொல்வது, தேவைப்பட்ட இடத்தில் ஜிப்சம் போடச் சொல்வது என்று வேலை இருந்தது. மண்ணிலிருந்து உப்பை இரண்டு மழை கழுவிவிட்டது. வண்டியிலிருந்து கழுவ முடியவில்லை. மெக்கானிக் அண்ணன் முழுதாகப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி மாட்டினார். ஆனாலும் சைலன்சர், ஸ்போக்ஸ், மட்கார்டு என்று ஒவ்வொன்றாக அரிக்க ஆரம்பித்தது. அசல் சைலன்சருக்கு நாகர்கோவில் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை.

2007-ல் எனக்கு மாற்றல் வந்தது. தினமும் அறுபது கிலோமீட்டர் போய்வர வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். கடன் போட்டு ஒரு சின்னக் கார் வாங்கினேன். ஆர்.எக்ஸ்-ஐ பதினான்காயிரம் ரூபாய்க்கு ஒரு பையனிடம் கொடுத்தேன். அவன் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நல்ல வண்டி" என்றார்.

இவ்வளவுதான் என்றால் இது வெறும் வண்டிக் கதை. ஆனால் கார் வரப்பில் போகாது. அது எனக்கு அன்று தோன்றவில்லை. காலை ஆறு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அப்போது எழுபத்து நாலு வயது. பஸ்ஸில் போய், இறங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்து ஏலாவுக்குப் போனார். ஆறு மாதம் அப்படிப் போனார். ஒரு மழைநாளில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. அதோடு போவது நின்றது. வாசலில் மம்பட்டி சாத்தி வைத்தபடியே இருந்தது.

வயலைக் குத்தகைக்கு விட்டோம். குத்தகைக்காரர் நெல்லுக்குக் கூலி கட்டவில்லை என்று ஏத்தன் வாழை வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாழைக்கு மேட்டுப்பாத்தி எடுத்ததில் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகும் வழி அடைந்தது. அவர்களும் வாழை வைத்தார்கள். 2011-ல் அப்பா போனார். பாகம் பிரித்தபோது அந்த எண்பது சென்ட் கைமாறியது. இன்று அங்கே நாலு வீடுகள் நிற்கின்றன. ஏலாவின் நடுவில் கால்வாய் மட்டும் வந்து, போக வயல் இல்லாமல் நிற்கிறது.

நெல் வயலை மாற்றாதீர்கள் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசும்போது என் குரல் ஒரு படி தாழ்ந்துதான் வரும். ஒரு வண்டியை விற்றதால் வயல் போயிற்று என்று சொல்லவில்லை. பாகம், கூலி, தண்ணீர் என்று ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அது தொடங்கிய நாள் எனக்குத் தெரியும். மாற்றலுக்குப் போகும் முன், ஞாயிறு ஒரு நாளாவது அவரைக் கூட்டிப்போக ஒரு பழைய டி.வி.எஸ் 50-ஐ வாங்கிப் போட்டிருக்கலாம். அதற்குப் பெரிய பணம் ஆகியிருக்காது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மறுபடி இது நினைவுக்கு வந்தது. ரோடெல்லாம் ரப்பரும் தென்னையும் விழுந்து கிடந்தன. வாழைச் சேதம் கணக்கெடுக்கப் போன என் கார் நகரவில்லை. ஒரு மீன்காரர் தன் எம்-80-ஐ நிறுத்தி, "ஏறும் சாறே" என்றார். ஐஸ் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். வண்டிக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். விழுந்த மரங்களுக்கு இடையே புகுந்து புகுந்து மூன்று கிராமம் போய் வந்தோம். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, அப்பா என் பின்னால் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் என்று முதல் தடவையாக யோசித்தேன். ஓட்டுகிறவன் பள்ளத்தைப் பார்ப்பான். பின்னால் இருப்பவர்தான் வயலைப் பார்ப்பார்.

இப்போது நல்ல நிலையிலுள்ள ஆர்.எக்ஸ் 100-க்கு லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா என்று இளைஞர்கள் என்னிடமும் கேட்கிறார்கள். ஆசைக்கு வாங்குவதானால் வாங்குங்கள். ஆனால் ஆர்.சி புத்தகம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

இனி திக்கணங்கோடு நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் பவர் ஸ்பிரேயரிலும் களைவெட்டும் இயந்திரத்திலும் இருப்பது பெரும்பாலும் அதே டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான். முதுகில் சுமக்க எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் அங்கே அது இன்னும் பிழைத்திருக்கிறது. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் 25-க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில். 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். கூடினால் புகையும் பிளக்கில் கரியும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய எஞ்சின் ஆயிலைக் கலக்கவே கூடாது.

தனி கேனில் கலந்து, குலுக்கி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட விட்டு நிறுத்துங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். அதனால் மாதக்கணக்கில் டேங்கில் விட்டு வைக்காதீர்கள். உங்கள் இயந்திரத்துக்கு இப்போது வேண்டியது பிளக்கைக் கழற்றிக் கரியைத் தேய்ப்பதும், ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைப்பதும்தான். அப்படியும் சரியாகவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழுவச் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசியில், "அப்பாதான் இதை வாங்கினார். இப்போது அவரால் வயலுக்கு வர முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். உங்களிடம் எந்த வண்டி இருந்தாலும் சரி, வாரத்தில் ஒரு காலை அவரைப் பின்னால் உட்கார வைத்து மெதுவாக வயல்வரை கூட்டிப்போங்கள். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் வேண்டும். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீர் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துச் சொன்னால் போதும்.